விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடு

ரோவில், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நஷ்வாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முகத்தை மூடிய ஆட்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் நீங்க விசில் ஊதுவீங்களா உம்மா என்று போனில் கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். நாங்கள் இருவரும் அல்லாஹ்வின் உதவியால் சுகம், குளிரோடு வாப்பாவின் முழங்கால் வலியும் வந்துவிட்டது, நீ சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

சிகாகோவில் குடிவரவு அதிகாரிகளின் கார் தெருவுக்குள் வந்தால் உன் மெக்சிகோ அயலவர்கள் விசில் ஊதி எச்சரிக்கிறார்கள் என்றாய். அரசியல் என்றாலே ஒதுங்கிப் போன கீழ்வீட்டு மரிசோல், தம்பியைப் பிடித்துக்கொண்டு போன பிறகு கூட்டங்களில் பேசுகிறாராம். அதை நம்புகிறேன். உனக்கும் ஒரு விசில் தந்த அந்த அயலவர் குழுவில் புதிதாகச் சேர்ந்து எல்லாரிடமும் முகவரி கேட்கிற அந்த ஆளைத்தான் நம்பவில்லை. ஆதாரம் ஒன்றும் இல்லை, ஆனாலும் யாருக்காகக் கேட்கிறான் என்று யோசி. அங்கே பிறந்தவர்களைப் பிடித்தாலும் விட்டுவிடுவார்கள், மாணவ விசாவில் இருக்கும் உன்னைப் படிப்பின் நடுவில் விமானம் ஏற்றிவிடுவார்கள். மரிசோலுக்குச் சமைத்துக் கொடு, விசிலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு.

இங்கே எதிர்வீட்டு யோகா, அகதிக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை தருகிற பிரிட்ஜிங் விசாவில்தான் இன்னும் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் குடிவரவு அலுவலக வாசலில் நிரந்தர விசா கேட்டு அட்டை பிடித்து நிற்கிறாள், நீங்களும் வாங்கோவன் அக்கா, சும்மா நிண்டாலே காணும் என்று கூப்பிட்டாள். இன்று போனேன். அங்கே ஒருவன் எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான், காரை நிறுத்தாமல் திரும்பிவிட்டேன். ஒனக்குத் தபால்காரன்லயும் சந்தேகம் என்று வாப்பா சிரிக்கிறார்.

அல்லாஹ் உன்னைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வானாக. பாஸ்போர்ட் பிரதியை எப்போதும் பையில் வைத்திரு.

உன் உம்மா,
றிஃப்னா

பி.கு. சனிக்கிழமை. கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. காலையில் கடைக்குப் போகக் காரை எடுத்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் யோகா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் கார் ஹோர்னை அழுத்தினேன், கையை எடுக்கவேயில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மூலைவீட்டுக் கிரேக்கக் கிழவர் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்தார், வாப்பா உடுத்திருந்த சாரனோடு வந்தார். கதவைத் தட்டிய இருவரும் கூரைக்கு சோலார் தகடு விற்க வந்தவர்கள். அட்டையை வாங்கிப் பார்த்தேன், உண்மையானதுதான். யோகா சிரித்தாள், பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள். வாற வெள்ளி வாங்கோ அக்கா, ஹோர்னையும் கொண்டு வாங்கோ என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.