அண்ணன் வண்டிக்கு நாலு பிளக்

மார்ச் 4

இன்றோடு எனக்கு எழுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும் நிறைகின்றன. காலையிலேயே கொழுந்தன் வந்தார். தம் அண்ணன் இறந்தபோது துக்கம் விசாரித்தவர், ஓராண்டு கழித்துக் காரை விசாரிக்க வந்திருக்கிறார்.

"வண்டி உனக்குத்தான்னு அண்ணன் வாய் திறந்தே சொன்னாரு அண்ணி."

இறந்தவர்கள் எழுந்து மறுப்பதில்லை. கொழுந்தனுக்கு அது பெரிய வசதி. ஓடவைத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். சிறுபிள்ளையைப் போல் முகம் மலர்ந்தது. எழுபது வயதில் அது காணச் சகிக்காத காட்சி.

மார்ச் 6

பேட்டரி புதிது, பெட்ரோலும் புதிது. ஆயினும் கிளப்பினால் இருமுகிறது, நின்றுவிடுகிறது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார், கரி அப்பிக் கிடந்தன. நல்லெண்ணத்தில் ஒரு முறை சொன்னேன்: "தம்பி, பழசைக் கையோட கொண்டுபோங்க. மரை நீளத்தை ஒட்டவச்சுப் பார்த்து வாங்குங்க."

"நீங்க படிச்சது கெமிஸ்ட்ரி அண்ணி. இது எஞ்சின். அண்ணன் கை பட்ட எஞ்சின். என்ன பிளக்குன்னு வண்டிப் புத்தகத்துலயே போட்டிருக்கு."

பழையவை குப்பைக்குப் போயின. எதையும் இரண்டாம் முறை சொல்வது என் வழக்கமில்லை.

மார்ச் 7

இரிடியமா, செம்பா என்று கடைக்காரரோடு தொலைபேசியில் நெடுநேர ஆராய்ச்சி. "தங்கத்துல கிடையாதாமா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பிளக் இருக்கிறதா என்று கடைக்காரரும் கேட்டாராம். தேவையே இல்லை என்றாராம், பெருமையாக.

மார்ச் 9

பிளக்குகள் வந்துவிட்டன. மரை பழையதைவிடக் கால் அங்குலம் கூடுதல். பார்த்தேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 10

மாட்டினார். சாவியைத் திருப்பினார். உள்ளே இரும்பு இரும்பை அறைந்தது. மீண்டும் திருப்பினார் — நிறுத்தத் தெரியாத குடும்பம்!

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "பிளக்கு நீளம் சார். பிஸ்டன் வந்து முட்டி உடைஞ்சிருக்கு. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

கொழுந்தன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். "அண்ணன் எஞ்சின நானே கொன்னுட்டேனே!"

நான் துணி உலர்த்தப் போனேன்.

மார்ச் 11

இன்றும் வந்து மன்னிப்புக் கேட்டார் — என்னிடம் அல்ல, சுவரில் இருக்கும் படத்திடம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் படத்தில் இருப்பவரோடு ஓர் ஆயுள் முழுக்கக் குடித்தனம் செய்தவள் நான். என் பக்கம் ஒரு மன்னிப்பும் வந்ததில்லை. சொல்லிவிட்டேன்.

"அழுகையை நிறுத்துங்க தம்பி. நீங்க உடைச்சது உங்க அண்ணன் எஞ்சின் இல்ல. அதை அவரே எரிச்சுட்டாரு. ஆயில் இல்லைன்னு விளக்கு சிவப்பா எரியுது, நிறுத்துங்கன்னு கத்தினேன். பல்புதான் கோளாறு, உனக்கென்ன தெரியும்னு வண்டியை மலையில ஏத்தினாரு. இந்த எஞ்சின் நொறுங்கிப்போன ஏதோ ஒரு வேன்ல இருந்து கழட்டி மாட்டினது. அதான் புத்தகத்துல போட்ட பிளக் இதுக்குச் சேரல."

படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே..."

"தம்பிக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு. என்கிட்ட அவர் கெஞ்சினது அது ஒண்ணுக்குத்தான்."