ஆலயத்துக்குள் துப்பாக்கி யார் வைத்திருப்பது

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். நாங்களும் நலம் என்று வழக்கம்போல ஒரு வரி எழுதிவிட்டுச் செய்திக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் இந்தத் தடவை அந்த நலம் முழு நலம் இல்லை, பயந்துவிடாதே, வரிசையாகச் சொல்கிறேன். இங்கே முழங்கால் அளவு பனி, உங்கள் நியூசிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு வயிற்றெரிச்சல். நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை அப்பா கழற்றுவதே இல்லை, துவைக்கக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நம் சபை வழக்கு ஒருவழியாக முடிந்தது. நீ நியூசிலாந்துக்குப் போன பிறகுதான் இது பெரிதாகியது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உரிமம் வைத்திருப்பவராக இருந்தாலும் நூலகம், பேருந்து, மதுக்கடை, சந்தைத் திடல், ஆலயம் இங்கெல்லாம் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரக் கூடாது என்று நம் மாநிலம் சட்டம் போட்டதல்லவா, மற்ற இடமெல்லாம் போகட்டும் ஆலயத்தை எப்படிச் சேர்க்கலாம் என்று அப்பாவின் நண்பர் ஹார்லன் நீதிமன்றம் போனார். கூடவே கையெழுத்துப் போட்டது யார், உன் அப்பாதான். முதல் நீதிபதி தடை செல்லாது என்றார். மேல்முறையீட்டில் இப்போதைக்குச் செல்லும் என்றார்கள். பிறகு இன்னொரு விசாரணை, இன்னொரு உத்தரவு. ஒவ்வொரு தடவையும் போதகர் லின்வுட் ஆலயக் கதவில் அறிவிப்பை ஒட்டுவதும் கிழிப்பதுமாக, கதவுச் சாயமே உரிந்துவிட்டது. ஆலயத்துக்கு வருகிறவர்கள் முதலில் பைபிளைப் பார்ப்பதா கதவைப் பார்ப்பதா என்று நான் கேட்டேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் வந்த தீர்ப்பு இதுதான்: தடை தடைதான், ஆனால் சபை கூடிக் காவலுக்கு இன்னார் என்று பெயர் சொன்னால் அவர்கள் மட்டும் வைத்திருக்கலாம். ஜெயித்ததா தோற்றதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை, ஹார்லன் ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் கை கொடுத்தார்.

இப்போது அந்த மற்ற விஷயம். உன் அப்பாவின் வலது கை நடுங்குகிறது, கொரின். யூட்டிகா நகரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினோம், அது நரம்பு சம்பந்தப்பட்டது, மாத்திரையில் அடங்கும், ஆனால் போகாது என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், அதனால்தான் போன கடிதங்களில் எல்லாம் நான் வானிலையாக எழுதித் தள்ளினேன். வீட்டில் இறைச்சியை நான் வெட்டிக் கொடுக்கிறேன், வெளியே போனால் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். பனி தள்ளும் வண்டியை விட்டு இறங்கி ஓய்வு பெற்றதிலிருந்து அவரை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை, அதனால் தீர்ப்பு வந்த நாளிலிருந்து காவலுக்குத் தன்னைத்தான் கேட்பார்கள் என்று ஒரே உற்சாகம். கோட்டை இஸ்திரி போட்டு வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "ஹார்லனோட சேந்து எத்தன வருஷமா குறி பாத்துச் சுடறேன், என் கையப் பத்தி எனக்குத் தெரியாதா, நீ உன் வேலையப் பாரு ஆர்லீன்" என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தக் கையில் துப்பாக்கி, முன்னால் நாலு வரிசை குழந்தைகள். சபைக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன், சொன்னால் அவருடைய எத்தனை வருடத்து மரியாதையை நானே எல்லோர் முன்னாலும் உடைத்த மாதிரி ஆகும் என்றும் தெரியும்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் நடந்தது, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தார்கள், நான் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் சேர்த்துச் சுட்டுக்கொண்டு போனேன், நன்றாக வந்திருந்தது, என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. ஹார்லன் எழுந்து இரண்டு பெயர் சொன்னார், ஒன்று அவருடையது, இன்னொன்று நம் சபையில் இருக்கும் ஓய்வு பெற்ற ஷெரீஃப் உதவியாளர், போலீஸ் வேலை பார்த்தவர். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஏய் ஹார்லன், உன்கூடக் கையெழுத்துப் போட்டவன மறந்துட்டியா" என்று கேட்டார். ஹார்லன் தரையைப் பார்த்தார். நான் சொல்லிவிடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போதுதான் ஓபல் அம்மா, திருவிருந்துக்குச் சின்னக் கிண்ணங்களில் திராட்சரசம் ஊற்றி, பரிமாறச் சொல்லி அப்பா கையில் தட்டைக் கொடுப்பாளே அவள்தான், உட்கார்ந்த இடத்திலிருந்தே அப்பாவிடம் பேசினாள். "மெர்ல் தம்பி, நீ தட்டத் தூக்கிட்டு வரிசை வரிசையா வரும்போது அந்தச் சின்னக் கிண்ணமெல்லாம் கிலுகிலுன்னு ஆடுதுப்பா. போன ஈஸ்டர்லேருந்து எங்க எல்லாருக்கும் கேக்குது. சிந்தக் கூடாதுன்னுதான் நான் பாதிக் கிண்ணம் ஊத்தறேன்." நான் அத்தனை மாதமும் அவள் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன். அப்பாவோ தட்டைப் பிடித்தால் கை நடுக்கம் நின்றுவிடுகிறது, யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தார். ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. "துப்பாக்கி பழகுற எடத்துலயே பாத்தேன்டா, சொல்ல வாய் வரல" என்றார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம். இத்தனை பேருக்கும் தெரிந்து ஒருத்தரும் என்னிடம் மூச்சு விடவில்லையே என்று. பிறகுதான் நிம்மதி வந்தது, அப்புறம் அழுகை.

அப்பா கடைசியில், "அப்ப தட்டையும் வேற யாராவது எடுத்துக்குங்க" என்றார். ஓபல் அம்மா விடவில்லை, "அதெல்லாம் முடியாது, அந்தச் சத்தத்த வச்சுத்தான் தட்டு எங்க வரிசைக்கு வந்துருச்சுன்னு ஜெபத்துலேருந்து கண்ணத் தொறக்கறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், வேறு வழி. மறுநாள் துப்பாக்கியைத் தோட்டா எடுத்துவிட்டு ஹார்லன் வீட்டில் தானே கொடுத்துவிட்டு வந்தார். நேற்றுச் சாப்பிடும்போது, "கொரினுக்கு எழுதிடு, ஊருக்கே தெரிஞ்சது அவளுக்குத் தெரியாம இருக்கக் கூடாது" என்றார்.

நீ உடனே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு ஓடி வராதே, கோடையில் வந்தால் போதும். தொலைபேசியில் பேசும்போது எடுத்ததும் கையைப் பற்றிக் கேட்காதே, வழக்கைப் பற்றிக் கேள், அரை மணி நேரம் பேசுவார், கையும் அதில் தானாக வரும். வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அம்மா,
ஆர்லீன்

இதற்குக் கீழே இருப்பது அப்பா எழுதியது. தானே எழுதுவேன் என்று அடம்பிடித்து வெகுநேரம் உட்கார்ந்து எழுதினார். படிக்க முடியவில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே, அது உன் பெயர்.