ஏற்றத்துக்கு மட்டும்

17.1.2004, சனி

மச்சினன் முருகனை எரித்துவிட்டு வந்தோம். நேற்று போடிமெட்டு சைக்கிள் பந்தயத்தில் அவன்தான் முதலில் ஏறினான். ஏறுவது மட்டும்தான் பந்தயம்; இறங்கும்போது சைக்கிளோடு லாரியில் ஏற்றி வருவார்கள். அதனால் எடை குறையட்டும் என்று கேரியர், மட்கார்டு, பிரேக் எல்லாவற்றையும் என் சைக்கிள் கடையில் வைத்து நானே கழற்றினேன். ஜெயித்த குஷியில் அவன் லாரிக்குக் காத்திருக்கவில்லை. பின்டயரில் காலை வைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். மூன்றாவது வளைவில் பள்ளத்தில் கிடந்தான்.

என் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்: "பிரேக்கு புடிக்கலைன்னு சொல்றாக. நீங்க நல்லாப் பாத்துத்தான விட்டீக?"

"பாத்துத்தான் விட்டேன்" என்றேன்.

"தம்பிக்கு விதி. குளிங்க. சட்டையக் கழட்டிக் குடுங்க, நனைச்சுப் போடுறேன்."

பிரேக் கட்டைகள் நான்கும் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. இன்னும் குளிக்கவில்லை.