ஓரின் சதுக்கத்துப் பள்ளம்

வார்டன் தெரு
மார்ச் 24

பிரியமுள்ள வெர்னன்,

போனில் சொன்னால் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய எலுமிச்சைப் பெட்டி வந்தது. வழியிலேயே சில நசுங்கிவிட்டன. மிச்சத்தைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். இந்த ஊரின் சாம்பல் வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

நேற்று ஓரின் சதுக்கத்துக்குப் போனேன். நாம் திட்டம் வரைந்து கொடுத்த தோட்டத்தின் நடுப் பள்ளம் முழுக்கக் கறுத்த பனி மலையாகக் கிடக்கிறது. நகராட்சிப் பனி வண்டிகள் குளிர்காலம் முழுவதும் கடைத்தெருப் பனியை அள்ளி அங்கேதான் கொட்டியிருக்கின்றன, பனி உருகச் சாலையில் தூவிய உப்போடு சேர்த்து. வண்டி ஓட்டும் டெல்ராய் அங்கேயே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"குழி இருந்துச்சு, போட்டோம். வேற எங்க கொட்டுறது மேடம், மேயர் மடியிலயா?"

திட்டப் போனவள் சிரித்துவிட்டேன். பெருமழை வந்தால் கடைகளுக்குள் வெள்ளம் புகாமல் தண்ணீரை வாங்கிக்கொள்ளத்தான் அந்தப் பள்ளம். எவ்வளவு மழைக்கு எவ்வளவு ஆழம் என்று நீ மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டாய். இந்த ஊரில் வாசல் பனியைத் தள்ளாத ஆள் கிடையாது, நம்மையும் சேர்த்து. பள்ளத்தைக் கண்டால் பனியை அதில்தான் தள்ளுவார்கள் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

உப்பில் பாதிச் செடிகள் போய்விட்டன. பள்ளத்தை மூடிக் கல் பாவிவிடலாம் என்று நகர சபையில் பேச்சு. ஜூலையில் வாக்கெடுப்பு. நீ வந்து தண்ணீர்க் கணக்கை எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். வேலைக்காக அங்கே போகும்போது, மூன்றாவது கோடையில் திரும்பிவிடுவேன் என்றாய். இதுதான் அந்தக் கோடை. உன் பனி பூட்ஸ் வாசலில் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உன்
ஹலீனா

டூசான்
ஏப்ரல் 9

அன்பு ஹலீனா,

பூட்ஸைப் பற்றிப் படித்ததும் கால் சில்லிட்டது. இந்தப் பாலைவன ஊரில் இப்போதே வெயில் கொளுத்துகிறது.

நடுநகரில் ஒரு நிழல் தோட்டம் போடுகிறோம். எப்போதோ பெய்யும் மழை தெருவில் ஓடி வீணாகாமல் மரத்தடிக்குத் திருப்பிவிடுவதுதான் என் வேலை. போன வாரம் ஊர்க்காரர்கள் கூட்டத்தில், மரம் நல்ல நிழல் தர எட்டு வருடமாவது ஆகும் என்றேன். ஓர் அம்மாள் எழுந்தார். "அதுவரைக்கும் உங்க நிழல்ல நிக்கச் சொல்றீங்களா? நீங்களே ஒல்லியா இருக்கீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அலுத்துவிட்டது, ஹலீனா. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூட்டம், இதே கேள்வி. கல் பாவட்டும், விடு. ஒருநாள் வெள்ளம் வந்து கடைக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அவர்களுக்கே புரியும்.

மூன்றாவது கோடை என்று மனதாரத்தான் சொன்னேன். இப்போது அந்த ஊர்ப் பனியை நினைத்தாலே தோள் வலிக்கிறது. இங்கே ஜன்னலோரம் உனக்கென்று ஒரு வரைமேசை வாங்கிப் போட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எலுமிச்சை மரம் தெரியும். நீ வந்துவிடேன்.

என்றும் உன்
வெர்னன்

வார்டன் தெரு
ஜூன் 2

பிரியமுள்ள வெர்னன்,

வரைமேசையை நினைத்துக்கொண்டே பத்து நாள் மண் வெட்டினேன். அக்கம்பக்கத்தார் சிலரும் நானுமாக உப்பு மண்ணை அள்ளி வெளியே போட்டு, உப்பைத் தாங்கும் புல்லாகப் பார்த்து நட்டிருக்கிறோம். பள்ளத்தைச் சுற்றி வண்டி நுழைய முடியாதபடி கல் தூண்கள் வைக்கிறோம். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்க்க டெல்ராய் தன் வண்டியையே கொண்டுவந்து நிறுத்திக் காட்டினார். "இப்ப நானே ஆசப்பட்டாலும் உள்ள வர முடியாது. சந்தோஷமா?" என்றார். முதுகு வலி உயிர் போகிறது.

சபை ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. தோட்டத்தை வரைந்த இருவரில் ஒருவர் இந்த ஊரிலேயே இருந்து ஐந்து வருடம் அதைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் கல்தான். ஐந்து குளிர்காலம், வெர்னன். தனியாக என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. நீயும் வந்தால் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். வாக்கெடுப்பு ஜூலை 9. வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

ஹலீனா

டூசான்
ஜூன் 20

ஹலீனா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். என்னால் வர முடியாது. நீ கையெழுத்துப் போடாதே. மேசையில் தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

வெர்னன்

வார்டன் தெரு
ஜூலை 11

அன்புள்ள வெர்னன்,

ஏழாம் தேதி மத்தியானம் இங்கே பேய்மழை. மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சதுக்கத்துக்கு ஓடினேன். நான்கு தெருத் தண்ணீரும் பள்ளத்துக்குள் இறங்கியது. உள்ளே இறங்கும் படிகளில் மேல் படிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது, நீ வரைபடத்தில் கோடு போட்ட இடத்தில். அந்தப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது. பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. ஒன்றும் நடக்கவில்லையே, எதைத்தான் எழுதுவார்கள்?

ஒன்பதாம் தேதி சபையில், சதுக்கத்தில் கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் கேட்டார்: "அந்தப் பள்ளத்தால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"முந்தாநேத்து உங்க கடைக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வரலையே."

"அவ்வளவுதாங்க பிரயோஜனம்."

பிறகு தாளை என் முன்னால் வைத்தார்கள். நீ வரமாட்டாய் என்று எழுதியிருந்தாய். ஆனாலும் ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தோட்டம் பிழைத்தது.

உன்மேல் கோபம் இல்லை. நீ அலுத்துப் போய்விட்டாய். நானும்தான் அலுத்துப் போயிருக்கிறேன். ஆனால் எனக்கு இங்கேயே இருந்து அலுத்துப்போகத்தான் பிடித்திருக்கிறது. மேசையின் மேலிருக்கும் துணியை எடுத்துவிடு. நீயே அதில் உட்கார்ந்து வேலை செய். நல்ல வெளிச்சம் வீணாகப் போகக் கூடாது.

டெல்ராய்க்கும் உனக்கும் ஒரே கால் அளவு. உன் பூட்ஸை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஹலீனா