மறுபடி வளர்ந்த சதை

12.2.2024, திங்கள்

புறநோயாளிகள் இன்று நூற்றுப் பத்து. கடைசியாக வந்தவர் மாசாணியம்மாள், ஐம்பத்து நான்கு வயது, காங்கேயத்தில் தேங்காய் உலர்த்தும் கொப்பரைக் களத்தில் வேலை. சிமெண்டுத் தரையின் வெயிலிலும் தூசியிலும் இருபது வருடம். இடது கண் சிறுவயதிலேயே போய்விட்டது. வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியின் நடுவை நெருங்கிவிட்டது. இரண்டு வருடம் முன்பு நம் கண் சிகிச்சை முகாமில் எடுத்த அதே சதை.

"போன தடவ பண்ணுனவிய சரியாப் பண்ணலீங்களா அம்மணி?" என்று கேட்டார். முகம் ஞாபகமில்லை போலிருக்கிறது. அன்று நான் முகமூடி போட்டிருந்திருப்பேன்.

அந்த அறுவையின் கோப்பைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது.

13.2.2024

சொல்லவில்லை.

18.2.2024, ஞாயிறு

பகல் முழுக்கப் பழைய கோப்புகள், தொலைபேசி. முகாம்களில் சதையை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே விட்ட நோயாளிகளில் அறுபத்து நான்கு பேர் கிடைத்தார்கள். இருபத்தேழு பேருக்கு மறுபடி வளர்ந்திருக்கிறது. மருத்துவமனையில் வைத்து, மேலிமைக்கு அடியிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டப்பட்டவர்கள் ஐம்பத்தெட்டு பேர். அவர்களில் நான்கே பேருக்கு.

இது எனக்குத் தெரியாததா? படிக்கும்போதே தெரியும். சும்மா எடுக்கப் பத்து நிமிடம், ஒட்டுவதற்கு நாற்பது. அவ்வளவுதான் காரணம்.

20.2.2024, செவ்வாய்

எங்கள் துறைத்தலைவர் லட்சுமணசாமி சாரிடம் எண்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "கேம்ப்ல முப்பது பேர் உக்காந்திருப்பாங்க லோகப்பிரியா. நீ எட்டுப் பேருக்கு ஒட்டிட்டு வந்துட்டா, மிச்சப் பேருக்கு யாரும்மா பண்றது?"

அவர் சொல்வதும் தப்பில்லையே.

மாசாணியம்மாளுக்குச் சதையை எடுத்துவிட்டு, மறுபடி வளராமல் தடுக்கும் மருந்தை வைத்தால் போதும் என்றார். அந்த மருந்து வெள்ளை விழியை மெலிய வைத்துவிடலாம். ஏற்கெனவே ஒருமுறை வெட்டிய இடம், இருப்பதோ ஒற்றைக் கண். தோல்தான் ஒட்ட வேண்டும், தையல் உறுத்தும், பசைதான் நல்லது என்றேன்.

"உன் கை. நீயே முடிவு பண்ணிக்க."

23.2.2024, வெள்ளி

இன்று சொல்லிவிட்டேன். "போன தடவை பண்ணுனது நாந்தாங்க. ஒட்டியிருந்தா வளர்றதுக்கு வாய்ப்புக் கம்மி. அன்னிக்கு நேரமில்லைன்னு ஒட்டாம உட்டுட்டேன்."

அவர் குரல் உயர்ந்தது. "ஒண்ணரை மாசம் களத்துக்குப் போகாம உக்காந்திருந்தேனுங்க. அத்தனையும் சும்மாவா?"

மன்னிப்புக் கேட்டேன். வாய்க்குள்ளேயே நின்றுவிட்டதோ என்னவோ. எழுந்து போய்விட்டார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "இந்தத் தடவ நீங்களே பண்றீங்களா, வேற ஆளுங்களா?"

"உங்க இஷ்டமுங்க."

"நீங்களே பண்ணுங்க. உள்ள என்ன கெடக்குதுன்னு வேற ஆளுக்குத் தெரியாதில்லீங்க."

இதை நம்பிக்கை என்று எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. வேறு வழியில்லை அவருக்கு.

27.2.2024, செவ்வாய்

மாசாணியம்மாளுக்கு அறுவை, ஐம்பத்திரண்டு நிமிடம். பழைய தழும்பு கண்ணை அசைக்கும் தசையோடு ஒட்டிக் கிடந்தது. மெல்ல மெல்லப் பிரித்து, தோலைப் பசையால் ஒட்டினேன். முதுகு விட்டுப்போயிற்று.

நாளை காலைவரை கட்டு. அதுவரை அவருக்குப் பார்வையே இல்லை. கூட வந்த நாத்தனார் சென்னியம்மாள் கையைப் பிடித்துத்தான் கக்கூஸுக்குக்கூடப் போகிறார்.

28.2.2024

கட்டைப் பிரித்தேன். தோல் நகரவில்லை. "உங்க மொகம் கலங்கலாத் தெரியுதுங்க" என்றார்.

15.4.2024, திங்கள்

ஒட்டிய தோலின் ஓரத்தில் சிவப்பு. ஒரு ரத்தக்குழாய் தடித்திருக்கிறது. வளர ஆரம்பித்துவிட்டதா? சொட்டு மருந்தை அதிகமாக்கி, பத்து நாளில் வரச் சொன்னேன். வெயிலில் நிற்காதீங்க என்றேன். "களத்துல நெழலு எங்கீங்க இருக்குது?" என்றார். வேறென்ன சொல்வார்? கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

பாழாப்போன சிவப்பு.

25.4.2024

சிவப்பு குறைந்திருக்கிறது. தூங்க வேண்டும்.

9.9.2024

ஆறு மாதம் தாண்டியாயிற்று. ஓரம் சுத்தம். இன்னும் நம்பவில்லை.

4.3.2025, செவ்வாய்

முகாம்களில் இப்போது பரிசோதனை மட்டும்தான். அறுவைக்கு வேனில் இங்கே அழைத்து வருகிறோம், வாரத்துக்கு எட்டுப் பேர். லட்சுமணசாமி சார் முகம் சுளித்தபடிதான் கையெழுத்துப் போட்டார். காத்திருப்போர் பட்டியல் ஜூன் வரை நீண்டுவிட்டது. எப்பங்க, எப்பங்க என்று தினமும் போன். இந்த வருடம் தோல் ஒட்டப்பட்டவர்களிலும் இருவருக்கு மறுபடி வளர்ந்திருக்கிறது. அவர்களையும் கணக்கில் எழுதினேன்.

மாசாணியம்மாள் வந்தார். ஒரு வருடம். கருவிழி தெளிவாக இருக்கிறது. பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை படித்தார்.

"அடுத்து எப்ப வரோணுமுங்க?"

"ஒரு வருசம் கழிச்சு வந்தாப் போதுங்க."

"ஒரு வருசமுங்களா?" இரண்டு முறை கேட்டார்.

காங்கேயம் பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று மருந்துச் சீட்டு வாங்காமலேயே கிளம்பிவிட்டார். நானும் கூப்பிடவில்லை. சீட்டில் எழுத ஒன்றும் இல்லை.