நான் அழித்த வரி

டிசம்பர் 4, 2024

காலையில் மருத்துவ பீடத்தில் தொற்றுநோய் விரிவுரை. எண்பது பேரில் பத்துப்பேர் தூக்கம். பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் பெப்ரவரியில். விண்ணப்பத்தில் 'கற்பித்தல் பணி' என்ற பகுதியை மட்டும் நான்கு பக்கத்துக்கு நிரப்பியிருக்கிறேன். இருபது வருடம் வேறென்ன செய்தேன்?

டிசம்பர் 11

ஆஸ்பத்திரி விசாரணைக்கான ஒரு மரணக் கோப்பு என் கருத்துக்கு வந்திருக்கிறது. சாமித்தம்பி, வயது ஐம்பத்திரண்டு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்காரர், நீரிழிவும் இருந்தது. பத்து நாள் காய்ச்சல். இரத்தத்தில் மெலியொய்டோசிஸ் நோயின் கிருமி, சேற்றில் வாழ்வது. அறிக்கை இறப்பதற்கு நான்கு நாள் முன்பே வந்திருக்கிறது. கடமையில் இருந்த வைத்தியர் 'தோலில் இருந்து கலந்த அழுக்கு' என்று எழுதி ஒதுக்கிவிட்டார். உரிய ஊசி போட்டிருந்தால் மனிதர் பிழைத்திருக்கலாம்.

கையெழுத்தைப் பார்த்தேன். உசாந்தி. ஆறு வருடத்துக்கு முன் என் மாணவி.

டிசம்பர் 12

அந்த வாக்கியம் என்னுடையது. வயல்காரரின் இரத்தத்தில் இந்த வகைக் கிருமி வளர்ந்தால் அது தோலில் இருந்து கலந்த அழுக்கு, பொருட்படுத்த வேண்டாம் — நான்தான் அப்படிப் படிப்பித்தேன். பிழை என்று தெரிந்ததும், நான்கு வருடத்துக்கு முன், விரிவுரையில் அந்த வரியை அழித்தேன். ஏற்கெனவே படித்து முடித்துப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம். வேறு காரணம் எதுவும் இல்லை.

டிசம்பர் 19

விசாரணை. சாமித்தம்பியின் மனைவி புஸ்பம் வந்திருந்தார். "காய்ச்சல் எண்டுதானே ஐயா கொண்டந்து விட்டம்." அவ்வளவுதான் சொன்னார். உசாந்தி தலை நிமிரவில்லை. உண்மையைச் சொன்னால் பேராசிரியர் கனவு அன்றோடு சரி. என்னைக் கேட்டபோது, அறிக்கையைக் கவனித்திருக்க வேண்டும் என்றேன். சொன்னது பொய் இல்லையே? — சீ, என்ன மனிசன் நான்.

டிசம்பர் 20

விண்ணப்பத்தின் அந்த நான்கு பக்கத்தையும் திரும்ப வாசித்தேன்.

ஜனவரி 6, 2025

எழுதிக் கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது, அந்தப் பிள்ளை நான் படிப்பித்ததைத்தான் செய்தாள் என்று. பதவி போனால் போகட்டும்.

ஜனவரி 15

விசாரணைக் குழுத் தலைவர் தொலைபேசியில் பேசினார். "டொக்டர், உங்கட பெரிய மனசு எங்களுக்கு விளங்குது. ஆனா அந்தப் பிள்ளயக் கூப்பிட்டுக் கேட்டம். சேர் அப்பிடிப் படிப்பிக்கல்ல, நான்தான் பிழையா விளங்கிட்டன் எண்டு எழுதித் தந்திட்டா." அவளுக்கு ஒரு வருடம் பணி இடைநிறுத்தம். மாணவியைக் காப்பாற்ற நான் பொய் சொன்னதாக நினைத்துப் பாராட்டுகிறார்கள். ஐயோ, இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ஜனவரி 18

என் பழைய விரிவுரையின் பிரதி என்னிடம் இல்லை. விரிவுரையில் அவள் எழுதிய குறிப்புக் கொப்பியில் அந்த வரி இருக்கும். அவள் எழுதிக் கொடுத்ததை மறுக்க அது ஒன்றுதான் ஆதாரம். மூன்று தடவை அழைத்தேன். எடுக்கவில்லை.

பெப்ரவரி 27

பதவி கிடைத்துவிட்டது. பின்னேரம் உசாந்தி என் நாவற்குடா வீட்டுக்கு வந்தாள், கையில் கேக் பெட்டி. மெலிந்துபோய் இருந்தாள்.

"வாழ்த்துச் சொல்லிட்டுப் போக வந்தன் சேர்."

"உங்கட கொப்பியத் தாங்க பிள்ள. நானே கொண்டுபோய்க் காட்டுறன்."

"அத விசாரணைக்குக் கூப்பிட்ட அண்டைக்கே எரிச்சிட்டன் சேர். ஆராச்சும் கண்டா உங்கட பேருக்குக் கூடாது."

கேக்கை வெட்டச் சொன்னாள். வெட்டினேன்.