காட்டுப்பூண்டும் மணிப்பூவும்

ஏப்ரல் 16
காட்டில் பீச் மரங்கள் இன்னும் தளிர்க்கவில்லை. அதற்குள் அடியில் காட்டுப்பூண்டு மண்டிவிட்டது, ஓரத்தில் வெள்ளை மொட்டுகள். பூப்பதற்குள் இலையைப் பறித்துவிட வேண்டும். ஒரு கூடை பறித்துத் தம்பி வின்கோ வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் ஆலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவள் அந்தத் தாரிங்கா. லுப்லியானா நகரத்திலிருந்து அவனோடு வாழ வந்து ஐந்து மாதம், கல்யாணம்கூட ஆகவில்லை, வீட்டுச் சாவி அவள் கையில்!

"இதுல மணிப்பூ இலை கலந்திருக்காதே அக்கா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமாமே, அது விஷமாமே."

எனக்கே பாடமா? "கசக்கி மோந்து பாரு, பூண்டு வாசம் வந்தா பூண்டு. நாப்பது வருஷமா பறிக்கிறேன்" என்றேன்.

ஏப்ரல் 17
வின்கோ ஆஸ்பத்திரியில். அந்த இலை போட்ட சூப்தான். ஓயாத வாந்தி, நாடி நாற்பதுக்குக் கீழே. கடவுளே, எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

அவளுக்கு ஒன்றுமில்லை. பூண்டு ஒத்துக்கொள்ளாதாம், சாப்பிடவில்லையாம். நம்பச் சொல்கிறாளா?

ஏப்ரல் 18
அவன் வீட்டைப் பிடுங்கத்தான் விஷம் வைத்திருக்கிறாள். டாக்டரிடம் சொல்லியே விட்டேன். அவர் மிச்ச இலையைக் கேட்டார். அவள் பையிலேயே வைத்திருந்தாள். எப்படித் தயாராக வந்தாள்?

ஏப்ரல் 19
மிச்சத்தில் மூன்று மணிப்பூ இலைகள். அவள்தான் கலந்திருக்கிறாள். நான் பறிக்கும் இடத்தில் அது கிடையாது என்று காட்ட காட்டுக்குப் போனேன். குனிந்து பறித்துக்கொண்டே போனேன் — நடுவில் மணிப்பூ, கொத்தாக. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். பூண்டு வாசம்! ஓடையில் மண் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு இன்னொன்றைக் கசக்கினேன். வாசமே இல்லை. விரலெல்லாம் பூண்டு நாறினால் எதை முகர்ந்தாலும் பூண்டுதான்.

ஐயோ. நான்தான்.

ஏப்ரல் 20
யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23
வின்கோ எழுந்து உட்கார்ந்துவிட்டான். "சந்தையில வாங்கினாளாம்க்கா! நீ இருக்கிற ஊர்ல காசு குடுத்து விஷம் வாங்கியிருக்கா. வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன்."

சந்தையா? அவள் என் பெயரையே எடுக்கவில்லை. நான் தலையாட்டினேன். சீ, என்ன பிறவி நான்?

ஏப்ரல் 24
காலையில் பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"அவருக்கு அக்கான்னா உயிரு. நான் நேத்து வந்தவதானே."

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். "வா, ஆஸ்பத்திரிக்கு. நான்தான் சொல்லணும். தனியாப் போகப் பயமா இருக்கு, கூட நில்லு."

சொன்னேன். வின்கோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தாரிங்கா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.